14 மாதப் பையனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது, இன்னும் நடக்கவும் இல்லை. யாராவது சொல்லுங்கள்

வளவு வீட்டு மருமகள் | மே 6, காலை 11.20

எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பையன் இப்போதுதான் மடியில் கண் அயர்ந்தான். ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கானாடுகாத்தான் பக்கத்தில் என் வீட்டுக்காரருடைய பூர்வீக வீடு. வருஷத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பங்காளி வீடுகள் நான்கும் ஒவ்வொன்றாக வந்து சேரும். இந்த வருஷம் பிள்ளைகள் மட்டும் 7 பேர். எனக்கு இரண்டு. பாப்பாவுக்கு 6 வயசு, தம்பிக்கு 14 மாதம்.

ஒரு வாரமாக வீடு கலகலவென்று இருந்தது. காலையில் பெரியவர்கள் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், கூழ்வடகம் ஊற்றுவார்கள், காக்கா விரட்டுவது பாப்பாவின் வேலை. பத்து மணிக்குமேல் வெளியே கால் வைக்க முடியாது. பிள்ளைகள் எல்லாம், வளவு என்கிற திறந்த நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில் (தாழ்வாரத்தில்), ஆத்தங்குடிக் கல்தரையின் குளிர்ச்சிக்குப் பாய்கூட இல்லாமல் படுத்துக் கிடக்கும். தம்பி தூணுக்குத் தூண் பிடித்துக்கொண்டு நகர்வான். பிடியை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான்.

நேற்று மத்தியானம் அவனுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. சாயங்காலம் 102.4. மருந்து கொடுத்துப் படுக்கவைத்தேன். இரவு ஒன்பதரை இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் மேலே சொருகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, உதடு நீலமாகிவிட்டது. எனக்குக் குரலே வரவில்லை. நாத்தனார் முகத்தில் தண்ணீர் தெளித்தார். யாரோ "கரண்டி கொண்டா, நாக்கைக் கடிச்சிரப் போறான்" என்றார்கள். என் மாமனார் முகப்புக்கு ஓடி, ஆணியில் தொங்கிய பெரிய கதவுச் சாவியை எடுத்துவந்து அவன் கையில் வைத்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கனமான இரும்புச் சாவி. அந்தப் பிஞ்சுக் கையால் அதைப் பிடிக்கவே முடியாது. மாமனார் தன் கையால் அவன் கையை மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. பிள்ளை துவண்டு போய்த் தூங்கிவிட்டான். எத்தனை நிமிஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது ஒரு யுகம்.

காரைக்குடிக்குக் காரில் போனோம். முதலில் போன இடத்தில் குழந்தை மருத்துவர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் பார்த்து, "இது காய்ச்சல் வலிப்பு, பயப்பட வேண்டாம்" என்று இரவு முழுக்க வைத்திருந்து, ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டுக் காலையில் அனுப்பினார்கள். "இன்னும் இரண்டு நாள் காய்ச்சல் இருக்கும், வைரஸ் காய்ச்சல்" என்றார் மருத்துவர். அவசரத்தில் நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி வந்தால் என்ன செய்வது? இது பெரியவனானதும் காக்காய் வலிப்பாக ஆகிவிடுமா? இவன் இன்னும் நடக்காததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? வீட்டில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டார், அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. சாவிதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று மாமனார் நம்புகிறார். அவர் கண்ணில் தண்ணீர். நான் என்ன சொல்ல?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் பாப்பாவுக்கு முதல் பல் விழுந்திருக்கிறது. சீப்புச்சீடையைக் கடித்தபோது கீழ்ப்பல் கழன்று வந்துவிட்டதாம். அதை ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் போட்டு எல்லோரிடமும் காட்ட எடுத்துவந்திருக்கிறாள். ஒருவரும் பார்க்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாசலில் அந்தக் கொட்டானோடு உட்கார்ந்திருந்தாள். "தம்பி செத்துப் போயிருவானாம்மா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் பல்லைக் காட்டினாள்.

---

ஓய்வுபெற்ற செவிலி, தேவகோட்டை | மே 6, பகல் 12.05

முதலில் மூச்சை இழுத்து விடும்மா. பிள்ளை நன்றாக இருக்கிறான். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், காய்ச்சல் வலிப்பு பார்க்கிறவர்களைத்தான் கொல்லும், பிள்ளையை ஒன்றும் செய்யாது.

6 மாதத்திலிருந்து 5 வயது வரைக்கும் 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. காய்ச்சல் ஏறும்போது அந்த வயசு மூளை அப்படி ஒரு தடவை உதறிவிட்டு அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் 2, 3 நிமிஷத்தில் தானாக நிற்கும். மூன்றில் ஒரு பிள்ளைக்கு மறுபடி வரலாம். அதனால் வீட்டில் எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும்.

வந்தவுடன் தரையில் ஒருக்களித்துப் படுக்கவை. எச்சிலோ வாந்தியோ வெளியே வடியட்டும். கழுத்துப் பட்டன், அரைஞாண் இறுக்கமாக இருந்தால் தளர்த்து. கடிகாரத்தைப் பார். வாயில் எதையும் வைக்காதே. கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது. நாக்கை விழுங்குவது என்று ஒன்று கிடையாது. கரண்டியால் பல் உடைந்து, அது மூச்சுக்குழாயில் போனால்தான் ஆபத்து. கையைக் காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. 5 நிமிஷத்தைத் தாண்டினால், அல்லது ஒரே நாளில் இரண்டாம் தடவை வந்தால், அல்லது நின்ற பிறகும் பிள்ளை தெளியாமல் கழுத்து விறைத்தபடி இருந்தால் உடனே 108 கூப்பிடு. முதல் தடவை வந்தால் எப்படியானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், நீங்கள் போனது சரி.

காக்காய் வலிப்பு வேறு. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் பின்னாளில் அது வருகிறது. நடைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொன்னவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லு.

---

பள்ளத்தூர் ஆயா | மே 6, பகல் 1.30

அந்தச் சாவி விஷயம். எனக்கு 71 வயசாகிறது. என் பிள்ளைக்கு ஜன்னி கண்டபோது என் மாமியார் செய்ததும் அதுதான், சாவி கிடைக்காமல் அரிவாள்மனையைக் கொண்டுவந்தார்கள். இழுப்பு நின்றது. அதனால் நாற்பது வருஷம் நானும் நம்பினேன். பிறகு என் பேரனுக்கு வந்தபோது, டவுனில் ஒரு பிளாட்டில் இரும்பே இல்லாத வீட்டில், அதுவும் அதே மாதிரி தானாக நின்றது. அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை பெரிய வீட்டில் முகப்பு வரை ஓடிச் சாவியை எடுத்துவருவதற்குள் இரண்டு நிமிஷம் ஆகிவிடும், அதற்குள் அது அடங்கிவிடும்.

உங்கள் மாமனாரிடம் இதை வாதமாகப் பேச வேண்டாம். அந்த நேரத்தில் அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும். மறுதடவைக்கு ஒரு வேலை கொடுங்கள். "ஐயா, நீங்கள் மணி பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் கணக்கை வைத்துத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். கண்ணும் கருத்துமாகச் செய்வார்.

இனி பாப்பா விஷயம். முதல் பல்லை வெறுமனே விடக் கூடாது. சாணியில் பொதிந்து ஓட்டுக் கூரைமேல் எறிய வேண்டும், புதுப்பல் வரிசையாக வரட்டும் என்று. எல்லோரும் நின்று பார்க்கட்டும். தம்பிக்கு நீங்கள் விழித்திருந்தீர்கள், அது சரி. அந்தப் பிள்ளையும் ஒரு ராத்திரி தனியாகப் பயந்திருக்கிறது.

---

புதுவயல் அப்பா | மே 6, பிற்பகல் 3.10

என் மகளுக்கு 2 வயசில் இரண்டு தடவை வந்தது. இப்போது பத்தாம் வகுப்பு, கபடி ஆடுகிறாள். அந்த நாளில் நானும் உங்களைப் போலத்தான் உட்கார்ந்திருந்தேன் சகோதரி.

ஒரே ஒரு யோசனை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், பிள்ளையை ஒருக்களித்துவிட்டு அவரைக் கைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மனசு வராதுதான். ஆனால் இரண்டு கையும் இழுத்ததா ஒரு பக்கம் மட்டுமா, கண் எந்தப் பக்கம் போனது என்று மருத்துவர் கேட்பார், நமக்கு ஒன்றும் நினைவிருக்காது. எங்களுக்கு அந்த வீடியோதான் உதவியது.

---

வளவு வீட்டு மருமகள் | மே 6, இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. செவிலி அம்மா எழுதியதை வளவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். மாமனார் ஒன்றும் பேசவில்லை, ஆனால் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் சாப்பிட வந்தார்.

இப்போது 101 இருக்கிறது. ஒரு சந்தேகம். நேற்று நான் கொடுத்தது சென்னையிலிருந்து கொண்டுவந்த பாட்டில். இன்றைக்கு நாத்தனார் அவர் பிள்ளைக்கு வாங்கியதை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே பாரசிட்டமால்தானே என்று அதே அளவு ஊற்றப் போனேன். லேபிளைப் பார்த்தால் ஒன்றில் 120 என்றும் மற்றதில் 250 என்றும் இருக்கிறது. ஊற்றவில்லை. தம்பி எடை 10 கிலோ.

---

ஓய்வுபெற்ற செவிலி, தேவகோட்டை | மே 6, இரவு 9.00

பார்த்தாயே, நல்லது. கூட்டுக் குடும்பத்தில் நான் பார்த்த மருந்துத் தவறுகளில் முக்கால்வாசி இதுதான். 5 மில்லியில் 120 மில்லிகிராம் ஒன்று, 250 இன்னொன்று. இதில்லாமல் கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதைச் சிரப் என்று நினைத்து மூடி அளவுக்கு ஊற்றினால் ஈரலுக்குக் கேடு.

ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோவுக்கு அதிகபட்சம் 150. உன் 120 பாட்டிலில் 6 மில்லிக்குச் சற்று மேலே, 250 பாட்டிலில் 3 மில்லி. உன் மருத்துவர் சீட்டில் எழுதிய அளவோடு ஒத்துப்பார்த்துக் கொடு. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தைச் சுவரில் காலண்டரில் எழுது. நீ கொடுத்தது தெரியாமல் அப்பத்தா ஒரு தடவை, அத்தை ஒரு தடவை கொடுத்துவிடுவார்கள்.

இந்த மருந்து பிள்ளையின் உடம்பு வலியை ஆற்றும், வலிப்பைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மறுபடி வந்தால் மருந்து சரியாகக் கொடுக்கவில்லையோ என்று உன்னையே நொந்துகொள்ளாதே.

---

அரியக்குடி தங்கச்சி | மே 7, காலை 7.15

இழைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 4 மாதப் பெண் குழந்தை, தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன். இந்த வெயிலில் நாக்கு வறண்டுவிடும், சங்கில் கொஞ்சம் தண்ணீராவது புகட்டு என்று அம்மா தினமும் சொல்கிறார். சீனித்தண்ணீரும் சொல்கிறார். கொடுக்கலாமா அக்கா? உடம்பெல்லாம் வேர்க்குரு வேறு.

---

ஓய்வுபெற்ற செவிலி, தேவகோட்டை | மே 7, காலை 7.50

வேண்டாம் தங்கச்சி. 6 மாதம் முடியும் வரை சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், அக்கினி நட்சத்திரமானாலும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். தாகம் எடுத்தால் அடிக்கடி குடிக்கும், நீ அடிக்கடி கொடு. தண்ணீரால் வயிறு நிறைந்தால் பால் குடிப்பது குறையும், சங்கு வழியாக வயிற்றுப்போக்கும் வரும். நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் உன் பால் போதும் என்று அர்த்தம். தண்ணீர் குடிக்க வேண்டியது நீ. பக்கத்தில் ஒரு செம்பு நிறைய வைத்துக்கொள். தேனும் ஒரு வயசு வரை நாக்கில் தடவ வேண்டாம்.

வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டாதே. மெல்லிசுப் பருத்தித் துணி, காற்று, சாதாரணத் தண்ணீரில் இரண்டு தடவை குளியல். போதும்.

---

பள்ளத்தூர் ஆயா | மே 7, காலை 9.40

நுங்கு வெட்டும்போது வழிகிற தண்ணீரைப் பெரிய பிள்ளைகளுக்கு வேர்க்குருவில் தடவுவோம், எரிச்சல் குறையும். கைக்குழந்தைக்கு வேண்டாம், ஈ மொய்க்கும்.

---

வளவு வீட்டு மருமகள் | மே 7, மாலை 6.30

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் காலையிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, எதைக் கொடுத்தாலும் அழுகிறான். மத்தியானம் பார்த்தால் வாயைச் சுற்றிச் சிவப்பாகக் கொப்புளம். மாமியார் பார்த்ததும், "அம்மா வந்திருக்கா" என்று சொல்லிவிட்டார். நிலைப்படியில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. இன்றிலிருந்து அடுப்படியில் தாளிக்கக் கூடாது, டாக்டரிடம் கொண்டுபோகக் கூடாது, மருந்து கொடுத்தால் அம்மாளுக்கு ஆகாது என்கிறார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நாளாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வலிப்பு வந்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் எப்படி இருப்பேன்? வீட்டுக்காரர் ஊரில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

---

ஓய்வுபெற்ற செவிலி, தேவகோட்டை | மே 7, மாலை 6.50

உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் மூன்றையும் பார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார். உடனே எழுது.

---

வளவு வீட்டு மருமகள் | மே 7, மாலை 7.05

உள்ளங்கையில் நான்கைந்து, உள்ளங்காலில் நிறைய. பயறு அளவுக்கு, சாம்பல் கலந்த சிவப்பில். வாய்க்குள் அண்ணத்தில் புண். நெஞ்சிலும் முதுகிலும் ஒன்றுமே இல்லை.

---

ஓய்வுபெற்ற செவிலி, தேவகோட்டை | மே 7, மாலை 7.20

பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் நீ சொல்வதைப் பார்த்தால் சின்னம்மை மாதிரி இல்லை. சின்னம்மை முகத்திலும் நெஞ்சு முதுகிலும்தான் முதலில் நிறையப் போடும், நீர் கோத்து நிற்கும், அரிக்கும், ஒன்று காய்வதற்குள் அடுத்தது கிளம்பும். இது "கை, கால், வாய் நோய்" போலத் தெரிகிறது. இதுவும் வைரஸ்தான், வெயில் காலத்தில் 5 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது. முதலில் காய்ச்சல், ஓரிரு நாளில் கொப்புளம். அந்த முதல் நாள் காய்ச்சலில்தான் வலிப்பு வந்திருக்கிறது. 7 முதல் 10 நாளில் தானாகச் சரியாகும், தனி மருந்து கிடையாது. நாளைக் காலை மருத்துவரிடம் காட்டிவிடு. இந்த நோயில் பயப்பட வேண்டியது கொப்புளத்துக்கு அல்ல, வாய்ப்புண்ணால் பிள்ளை தண்ணீர் குடிக்க மறுப்பதற்குத்தான். 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் காலை வரை காத்திருக்காதே.

---

பள்ளத்தூர் ஆயா | மே 7, இரவு 8.10

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாரம்மா. வேப்பிலை இருக்கட்டும். விளக்கேற்றிக் கும்பிடட்டும். அம்மாள் பெயரைச் சொல்லி டாக்டரிடம் போய் வருவோம் என்று சொல்லு. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. எங்கள் காலத்தில் பெரியம்மை இருந்தது. எங்கள் தெருவிலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்தில்லாத நோய்க்கு வேப்பிலையும் ஒதுக்கமும்தான் இருந்தது, அதனால் அந்தப் பயம் எங்களுக்கு எலும்புக்குள் இருக்கிறது. பெரியம்மை போய்விட்டது, பயம் போகவில்லை. உன் மாமியார் பிடிவாதத்தில் பேசவில்லை.

---

வளவு வீட்டு மருமகள் | மே 10, பகல் 2.15

மூன்று நாளாக எழுத முடியவில்லை. ஆயா சொன்னபடியே சொன்னேன். மாமியார் கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றார். மருத்துவர் பார்த்ததும் கை, கால், வாய் நோய்தான் என்று சொல்லிவிட்டார். மாமியாரே கேட்டார்: "அம்மை இல்லையாய்யா?" அவர் பொறுமையாகப் பிள்ளையின் உள்ளங்காலைக் காட்டி விளக்கினார். இந்த இழையில் செவிலி அம்மா எழுதியதையேதான் சொன்னார்.

வேப்பிலை அப்படியே இருக்கிறது. அதனால் ஒரு நன்மை, மற்ற பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டி நின்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் வீட்டின் இரண்டாம் கட்டு அறை ஒன்றில் இருக்கிறோம். அவன் சாமான், துணி எல்லாம் தனி. மலத்தில் இந்தக் கிருமி பல வாரம் இருக்குமாம், கழுவிவிட்டுச் சோப்பு போடாமல் யாரும் அடுப்படிக்குள் போகக் கூடாது என்று மாமியாரே இப்போது காவல்.

சாப்பாடுதான் பெரிய பாடு. இரண்டு நாள் எதையும் வாயில் வைக்கவில்லை. சுடுகஞ்சியைப் பார்த்தாலே அலறினான். பால் குடிக்க ஆரம்பித்து, புண் பட்டதும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுதான். கடைசியில் அவன் வாய்க்குள் இறங்கியது நுங்கு. கொழுந்தனார் ஒரு குலை வெட்டிக்கொண்டு வந்தார். மாமியார் தோலை உரித்து, உள்ளே தண்ணீர் நிற்கிற இளநுங்காகப் பார்த்துப் பொறுக்கி, விரலால் மசித்து, பானைத் தண்ணீரில் வைத்த கிண்ணத்தில் போட்டுக் குளிரவைத்து, கரண்டி நுனியால் ஊட்டினார். முதல் வாயில் முகம் சுளித்தான். இரண்டாவதற்கு வாயைத் திறந்தான். மூன்றாவதற்குக் கிண்ணத்தை இழுத்தான். ஒன்றரை நுங்கு! மாமியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்றிலிருந்து நீர்மோர், ஆறவைத்த கேப்பைக்கூழ் எல்லாம் போகிறது.

வலிப்பு மறுபடி வரவில்லை.

---

புதுவயல் அப்பா | மே 10, மாலை 4.00

மனசு நிறைந்தது. பூட்டிக் கிடந்த வீடு என்றீர்கள், அதனால் ஒன்று. அண்டா, கிடாரம், பின்கட்டுத் தொட்டி, மேலே ஏற்றிய தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு தடவை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பத்து நாளுக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் போன கோடையில் அதனால்தான் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும், ஒரு பொட்டலத்துக்கு அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீர் முழுசாக ஊற்ற வேண்டும்.

---

தமிழாசிரியர், காரைக்குடி | மே 11, காலை 6.20

பையன் இன்னும் நடக்கவில்லை என்று எழுதியதை யாரும் விரிவாகத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை, இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்தவன்.

நம் புலவர்கள் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் வகுத்தார்கள். அதில் செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஐந்தாம் மாதம். சப்பாணி, கை கொட்டுவது, ஒன்பதாம் மாதம். ஓராண்டை ஒட்டி வாரானை, "வா வா" என்று கூப்பிடத் தளர்நடை போட்டு வருவது. அதற்கும் பிறகுதான் அம்புலி வருகிறது. தாய் விரல் நீட்டிய திசையில் பிள்ளை நிலாவைப் பார்க்க வேண்டும். என் பேரனை ஒன்றரை வயசில் மருத்துவரிடம் காட்டியபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் சுட்டிக்காட்டினால் அங்கே திரும்பிப் பார்க்கிறானா, அவனாக எதையாவது சுட்டிக்காட்டுகிறானா" என்பதுதான். எனக்கு உடல் சிலிர்த்தது.

உங்கள் பையன் கை தட்டுகிறானா? பெயர் சொன்னால் திரும்புகிறானா? ராத்திரி வளவில் படுத்துக்கொண்டு நிலாவைக் காட்டிப் பாருங்கள். அந்த வீடுகளில் வானம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற செவிலி, தேவகோட்டை | மே 11, காலை 8.30

ஐயா அழகாகச் சொல்லிவிட்டார். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட அளவில், தனியாக நடக்கும் வயது 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டி வரை நீள்கிறது. தூணைப் பிடித்து நகர்கிறான் என்று நீ முதல் நாளே எழுதிவிட்டாய், அதுதான் நடைக்கு முந்தின படி. 18 மாதம் முடிந்தும் நடக்காவிட்டால் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே.

பாப்பாவுக்கும் ஒரு வார்த்தை. 6 வயசில் கடைவாயின் கோடியில் ஒரு பெரிய பல் முளைக்கும், அதற்காக எந்தப் பல்லும் விழாது. பால்பல் என்று நினைத்துச் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். சீப்புச்சீடை தின்னட்டும், ராத்திரி பல் தேய்த்துவிட்டுத் தூங்கட்டும்.

---

தொராண்டோவில் ஒரு கோட்டையூர்ப் பெண் | மே 12, அதிகாலை 5.10

தூரத்திலிருந்து தினமும் இந்த இழையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது அவசரப்பட்டு, பிள்ளையை உள்ளே உட்காரவைத்து உருட்டுகிற வாக்கர் வாங்கிக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள். வேண்டாம். இங்கே கனடாவில் அதை 2004இலேயே தடை செய்துவிட்டார்கள், படியில் உருண்டு பிள்ளைகளுக்குத் தலையில் அடிபடுவதால். நம் வீடுகளில் பத்திக்கும் வளவுக்கும் நடுவே இறக்கம் இருக்கிறது. மேலே பரணில் தேடிப் பாருங்கள், பழைய மர நடைவண்டி கட்டாயம் கிடக்கும். பிள்ளை நின்றுகொண்டு தள்ளுவது அது, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

---

வளவு வீட்டு மருமகள் | மே 18, இரவு 9.30

பல் எறிந்தாகிவிட்டது! தம்பிக்குக் கொப்புளம் எல்லாம் வாடிய பிறகுதான் எறிய வேண்டும் என்று பாப்பாவே சொல்லிவிட்டாள், தம்பியும் பார்க்க வேண்டுமாம். இத்தனை நாளும் கொட்டானில் பத்திரமாக வைத்திருந்தாள். இன்று காலை மாமனார் சாணி உருட்டிக் கொடுத்தார். முதல் தடவை ஓட்டில் பட்டுத் திரும்ப விழுந்துவிட்டது. எல்லோரும் தேடி எடுத்தோம். இரண்டாம் தடவை மேலேயே நின்றது. வேப்பிலை காய்ந்துவிட்டது, மாமியார் அவிழ்த்துக் கிணற்றடியில் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். அடுப்படியில் பதினோரு நாளுக்குப் பிறகு கடுகு வெடித்தது.

நிலாவும் காட்டினோம் ஐயா. முதலில் என் விரலையே பார்த்தான். அப்புறம் பாப்பா பக்கத்தில் படுத்துக் கையை நீட்டியதும் மேலே பார்த்தான்.

---

வளவு வீட்டு மருமகள் | ஜூன் 3, காலை 10.40

நாளை மறுநாள் கிளம்புகிறோம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

நடைவண்டி கிடைத்தது, என் வீட்டுக்காரர் தள்ளிப் பழகியதாம். ஒரு சக்கரம் இல்லை, ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து பத்து நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தான். ஆனால் அவன் நடந்தது வண்டியால் இல்லை. நேற்று மாலை மாமனார் முகப்பைப் பூட்ட வேண்டும் என்று சாவியை எடுத்துவந்து பத்தியில் உட்கார்ந்தார். தம்பி எதிர்த்தூணைப் பிடித்து நின்றிருந்தான். சாவி கல்லில் பட்டு டிங் என்றது. அவன் திரும்பிப் பார்த்தான். மாமனார் மறுபடி தட்டினார். கையை விட்டான். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஓரடி, நின்றான், இன்னொரு அடி. யாரும் மூச்சு விடவில்லை. நான்கு அடி வைத்துச் சாவிமேல் விழுந்தான். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு பத்து, எழுதிக்க" என்றார் என்னிடம். காலண்டரில், மருந்து நேரம் எழுதிய அதே ஓரத்தில், எழுதிவைத்திருக்கிறேன்.

செவிலி அம்மாவிடம் கடைசியாக ஒரு கேள்வி. இன்று குளிப்பாட்டும்போது பார்த்தேன், அவன் கட்டைவிரல் நகம் அடியிலிருந்து பெயர்ந்துகொண்டு வருகிறது. இன்னொரு விரலிலும் அப்படித்தான். வலி இல்லை. மறுபடி ஏதாவது வந்துவிட்டதா?

---

ஓய்வுபெற்ற செவிலி, தேவகோட்டை | ஜூன் 3, காலை 11.05

இல்லையம்மா. அந்த நோய் போன சில வாரத்தில் சில பிள்ளைகளுக்கு நகம் கழலும். கீழே புது நகம் தானாக வரும். பிய்க்காதே, துணியில் மாட்டாமல் ஓரத்தை மட்டும் வெட்டிவிடு. சென்னை போனதும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் வலிப்பு வந்த தேதியையும் இந்த நகத்தையும் சொல்லிவிடு. சின்னம்மைத் தடுப்பூசியையும் கேட்டுக்கொள், அது அரசு அட்டவணையில் இல்லை.

ஆறு பத்தா? நல்ல நேரம். போகும்போது ஐயாவிடம் அந்தச் சாவியை எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லு, இனி அவன் எங்கேயும் போய் எடுப்பான்.